நாலாம் சரணம்

பூசைக்குப் பிந்தி வருகிறவனுக்கு மன்னிப்பு உண்டு, முந்திப் போகிறவனுக்கு இல்லை. திருச்சபையில் இப்படி ஒரு சட்டம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. கொட்டாஞ்சேனையில் எங்கள் கோயிலில் இருந்தது. அதைப் போட்டவர் பாப்பரசர் இல்லை, அங்கிள்.

அங்கிளுக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொன்னால் எங்கள் பங்குச் சனத்தில் பாதிப் பேருக்கு ஆள் விளங்காது. 'கடைசிச் சரணம் அங்கிள்' என்றால் பாலர் வகுப்புப் பிள்ளையும் கை காட்டும். ஏழு மணித் தமிழ்ப் பூசையில் சனத்தைப் பாடவைப்பது அவருடைய பொறுப்பு. பாடகர் குழு என்று எங்களுக்கும் ஒன்று இருந்தது. டிசம்பர் நத்தாருக்கும் கோயில் திருநாளுக்கும் மட்டும் ஒரே நிறத்தில் சேலை கட்டிக்கொண்டு வரும். மற்ற ஐம்பது ஞாயிறும் அங்கிள்தான். பீடத்துக்குப் பக்கத்தில் மைக்கோடு அவர் நிற்பார். அவருக்குப் பின்னால் கீபோர்ட்டோடு நான் இருப்பேன். பதினொரு வருடம் இருந்தேன். அவருடைய முதுகை எனக்குத் தெரிந்த அளவுக்கு அவர் மனைவிக்கும் தெரிந்திருக்காது.

குரல் இனிமையானதா என்று கேட்டால், பெரியது என்று பதில் சொல்வேன். மைக் வேண்டாத குரல். அதற்கு மைக்கும் கொடுத்து வைத்திருந்தார்கள். நான் சுருதி கொடுக்கும்வரை காத்திருக்கிற வழக்கம் அவரிடம் இல்லை. வாயில் வந்த சுருதியில் தொடங்கிவிடுவார். நான் சுருதி மாற்றுகிற பொத்தானை அமத்தி அமத்தி அவருக்குப் பின்னால் ஓட வேண்டும். ஒருநாள் பொறுக்க முடியாமல், "அங்கிள், ஒருக்கா என்ர நோட்டைக் கேட்டுட்டுத் தொடங்கினால் என்ன?" என்றேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"தம்பி, பெட்டிதான் ஆளுக்குப் பின்னால வரவேணும். ஆள் பெட்டிக்குப் பின்னால போறது செத்தவீட்டில மட்டும்தான்."

நான் பொத்தானை அமத்தப் பழகிக்கொண்டேன்.

கிழமை நாட்களில் அவர் வாஃப் கிளார்க். துறைமுகத்தில் இறங்கும் கொள்கலன்களுக்குச் சுங்கத்தில் கடதாசி வேலை முடித்து, ஒருகொடவத்தை யார்ட்டில் சோதனை முடித்து, வெளியே எடுத்துக்கொடுக்கிற உத்தியோகம். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் மூன்று பேனை. கேட் பாஸ் இல்லாமல் ஒரு ஊசியும் வெளியே வராது என்று சொல்லிச் சொல்லியே அவருக்கு வயது அறுபது நெருங்கிவிட்டது. அந்தப் புத்தி ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு எடுக்குமா?

எங்கள் சனத்தின் வழக்கத்தையும் சொல்ல வேண்டும். பாதர் கடைசி ஆசீர் கொடுத்து, பூசை முடிந்தது, சமாதானமாய்ப் போங்கள் என்று சொன்னால் போதும், கோயில் பள்ளிக்கூட மணி அடித்த மாதிரி ஆகிவிடும். மீன் சந்தைக்குப் போகிறவர் முதலில். டியூஷனுக்குப் பிள்ளையை இறக்குகிற தாய் அடுத்தது. ஆப்பில் கூப்பிட்ட த்ரீவீல்கள் வாசலில் வந்து நின்று ஹோர்ன் அடிக்கும். இறுதிப் பாடலின் முதல் சரணத்தில் பின்வாங்குகள், அதாவது பின்வரிசை இருக்கைகள், காலி. இரண்டாவதில் நடுவாங்குகள் காலி. மூன்றாவதில் கோயிலில் மிஞ்சுவது அங்கிள், நான், மெழுகுதிரி அணைக்கிற பையன், நித்திரையாய்ப் போன ஒரு ஆள்.

அந்த இறுதிப் பாடலில்தான் பிரச்சினையே. அது எங்கள் பங்குக்கென்று யாரோ அந்தக் காலத்துத் துறைமுகத் தொழிலாளி எழுதியது. வேறு எந்தக் கோயிலிலும் பாடமாட்டார்கள். நாலு சரணம். முதல் சரணத்தில் கடலில் காற்று எழும்பும். இரண்டாவதில் பாய்மரம் முறியும். மூன்றாவதில் படகு கவிழ்ந்து சனம் முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்து தத்தளிக்கும். நாலாவதில்தான் மாதா வந்து கைநீட்டி எல்லோரையும் கரைசேர்ப்பா. இப்போது யோசித்துப் பாருங்கள்.

"மூண்டாம் சரணத்தோட போறியளோ?" என்று அங்கிள் வாசலில் மறித்துக் கேட்பார். "வடிவா யோசிச்சுப் பாரும். அவ்வளவு சனத்தையும் கடலுக்கை விட்டுட்டு மீன் வாங்கப் போறீர்!"

"அங்கிள், அது பாட்டு."

"பாட்டெண்டால்? பாட்டில ஆள் தண்ணிக்கை தாண்டால் மூச்சு முட்டாதோ?"

கேட்டவர் மீன் வாங்கப் போய்விடுவார். அங்கிள் வீட்டுக்குப் போகும்வரை புறுபுறுத்துக்கொண்டு போவார். ஒவ்வொரு ஞாயிறும் இந்தப் பங்கு கடலில் தாண்டு மூழ்கிக்கொண்டே இருக்கிறது, ஒருநாளாவது எல்லோருமாகச் சேர்ந்து கரைக்கு வந்ததில்லை, இது அவருக்கு உண்மையான கவலை. சாப்பாடு இறங்காத கவலை. நாங்கள் சிரிப்போம், அவர் சிரிக்கமாட்டார்.

என் கல்யாணத்துக்கும் அவர்தான் பாடினார். நான்தான் கேட்டேன், வேறு யாரைக் குற்றம் சொல்ல? பூசை முடிந்து, கையெழுத்து வைத்து, நானும் மனைவியும் கைகோத்து நடுப்பாதையில் இறங்கி நடக்கிறோம். பாதி வழியில், மைக்கில், "மாப்பிள்ளை, பொம்பிளை, அதில நில்லுங்கோ. ரெண்டு சரணம் கிடக்கு." நின்றோம். நிற்காமல் என்ன செய்வது, முன்னூறு பேர் பார்க்கிறார்கள். வீடியோக்காரன் பின்னால் போய்க்கொண்டிருந்தவன், பூந்தொட்டியில் இடித்து விழுந்தான். எங்கள் அல்பத்தில் நடுப்பக்கப் படத்தில் நான் வாயைப் பிளந்துகொண்டு பாடுகிறேன், மனைவி என்னை எரித்துவிடுகிற மாதிரிப் பார்க்கிறாள். அந்தப் பார்வையை அதற்குப் பிறகும் பல தடவை கண்டிருக்கிறேன். முதல் தடவை அங்கிளின் தயவால்.

செத்தவீட்டையும் விடமாட்டார். ஒருமுறை சேமக்காலைக்குப் போக ஆறு பேர் பெட்டியைத் தோளில் தூக்கிவிட்டார்கள். பாட்டு முடியவில்லை. அங்கிள் கையைக் காட்டி மறித்தார்.

"அங்கிள், சரியான பாரம்!" என்று முன்னுக்கு நின்றவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

"கொஞ்சம் பொறும். உயிரோட இருக்கேக்கை ஒருநாளும் கடைசி மட்டும் நிக்காத மனுசன். இண்டைக்காவது நிக்கட்டும்."

செத்தவருடைய மனைவி அழுதுகொண்டிருந்தவ, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துவிட்டா. பிறகு அதையே எல்லோருக்கும் சொல்லித் திரிந்தா. "அவரை எனக்கு முப்பது வருசமா வாசலில மறிக்கேலாமல் போச்சு, அங்கிள் மறிச்சிட்டார்" என்று.

வெள்ளவத்தையில் ஒரு தியேட்டருக்கு ஒருதரம் அவரோடு படம் பார்க்கப் போய் மாட்டிக்கொண்டேன். படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கின. சனம் எழும்பிவிட்டது. அங்கிள் அசையவில்லை. சமையல் செய்தவருடைய பெயர், வாகனம் ஓட்டியவருடைய பெயர் எல்லாவற்றையும் வாய்க்குள் வாசித்துக்கொண்டிருந்தார். கூட்டுகிறவர் விளக்குமாற்றோடு வந்து எங்களுடைய காலுக்குக் கீழே கூட்டினார். அங்கிள் சிங்களத்தில், "மல்லி, தவ பொட்டக் இன்ன" என்றார், இன்னும் கொஞ்சம் பொறு என்று. அந்த மனிதரும் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்று பெயர்களை வாசித்தார். அங்கிளுக்குப் பக்கத்தில் நின்றால் யாருக்கும் இது தொற்றிவிடும். சனத்துக்கு மட்டும் தொற்றவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் எங்களுக்குப் புதுப் பாதர் வந்தார். இளந்தாரி, நல்ல மனிதர், ஆனால் மணிக்கூட்டோடு பிறந்தவர். தமிழ்ப் பூசை முடிய எட்டரைக்குச் சிங்களப் பூசை. எங்களுடைய ஆட்கள் கோயில் வளவுக்குள்ளிருந்து காரை எடுக்க முன்னம் அவர்களுடைய கார் வந்துவிடும். இரண்டு பக்கமும் ஹோர்ன், நடுவில் அங்கிளுடைய மூன்றாம் சரணம். பங்குச் சபைக் கூட்டத்தில் பாதர் விஷயத்தை மெதுவாக எடுத்தார்.

"அங்கிள், குறை நினைக்காதையுங்கோ. கடைசிப் பாட்டை ஒரு சரணத்தோட நிப்பாட்டுவம். சனமும் நிக்கிறேல்லைத்தானே."

அங்கிள் எழும்பினார். அவருடைய காது இரண்டும் சிவந்துவிட்டது.

"ஒரு சரணமோ? காத்து எழும்பினதோட விடுறதோ பாதர்?"

"அப்ப நாலாம் சரணத்தை முதலே பாடுவம்" என்றேன் நான், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு.

"விசரே உமக்கு? புயலே அடிக்கேல்லை, அதுக்குள்ள கரைசேர்க்கிறதோ? அவை என்ன, கடற்கரைக்குக் கடலை வாங்கவோ வந்தவை?"

கூட்டம் சிரித்தது. அங்கிளுடைய முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மனிதருக்கு அழுகை வரப் பார்த்தது. தன்னை அடக்கிக்கொண்டு, சுங்க அதிகாரியிடம் பேரம் பேசுகிற குரலில் சொன்னார்: "பாதர், எனக்கு நாலு ஞாயிறு தாங்கோ. அதில ஒரே ஒரு ஞாயிறு ஒருத்தரும் வெளிய போகாமல் நிண்டு நாலாம் சரணம் பாடினால், பாட்டு இருக்கும். இல்லையெண்டால் வெட்டுங்கோ. நான் வாய் திறக்கமாட்டன்."

"ஒருத்தரும் எண்டால்?"

"ஒருத்தரும் எண்டால் ஒருத்தரும்தான். கைப்பிள்ளையும் சேத்து. ஒராள் குறைஞ்சாலும் நான் தோத்தது."

தனக்குத்தானே இப்படிச் சுருக்கு வைத்துக்கொள்கிற மனிதரை நான் கண்டதில்லை. கிட்டத்தட்ட அத்தனை பேரும் நின்றால் போதும் என்று சொல்லியிருக்கலாமே! சொன்னால் கேட்கிற ஆளா? பாதர் சரி என்று கை கொடுத்தார்.

முதல் ஞாயிறு அங்கிள் தின்பண்டத்தில் கை வைத்தார். பூசை முடிய மரத்துக்குக் கீழே ரோல்ஸும் பட்டீஸும் தேத்தண்ணியும் என்று அறிவித்தார். மாதா சபைப் பெண்கள் விடியப்புறம் எழும்பிப் பொரித்தவர்கள். பாட்டு முடியத்தான் தருவோம் என்பது திட்டம். வாசனை வந்தபிறகு திட்டமாவது! ஆசீருக்கு முன்னமே வரிசை நின்றது. முதல் சரணத்தில் ரோல்ஸ் முடிந்தது. இரண்டாம் சரணத்தை ஜன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டு கொஞ்சப் பேர் பாடினார்கள், வாய் நிறையப் பட்டீஸோடு. பாய்மரம் முறிந்தது என்று பாட அவர்களுடைய வாயிலிருந்து தூள் பறந்தது.

இரண்டாம் ஞாயிறு, வேகம். "சனம் ஓடமுதல் நாங்கள் ஓடுவம் தம்பி" என்று என் காதில் சொல்லிவிட்டுத் தொடங்கினார் பாருங்கள், மாதாவே! நாலு சரணத்தையும் ஒன்றரை நிமிடத்தில் முடிக்க நினைத்தார். என்னுடைய விரல்கள் பின்னிக்கொண்டன. முன்வாங்கு படகில் ஏறமுன்னம் நடுவாங்கு கவிழ்ந்துவிட்டது. அங்கிள் கரைசேர்ந்து திரும்பிப் பார்த்தபோது சனம் வேறு எங்கோ நின்று மூச்சு வாங்கியது, பாதிப் பேர் இல்லை. அன்றைக்கு எனக்கு மணிக்கட்டில் பிடிப்பு, மனைவி சித்தாலேப தைலம் பூசிவிட்டாள்.

மூன்றாம் ஞாயிறு அவர் துணிந்துவிட்டார். எங்கிருந்தோ ஒரு கோட்லெஸ் மைக் கொண்டுவந்தார். ஆசீர் முடிந்ததும் மைக்கோடு விறுவிறு என்று நடந்துபோய்ப் பெரிய வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்று பாடத் தொடங்கினார். பக்கக் கதவு ஏற்கெனவே தாழ்ப்பாள். சனம் திகைத்துப்போய் நின்றது. முதல் சரணம், ஆள் அசையவில்லை. இரண்டாம் சரணம், அசையவில்லை. வெல்லப்போகிறார் என்று நானே நினைத்துவிட்டேன்.

அப்போதுதான் மாமி எழும்பினா. எங்கள் பங்கிலேயே வயதில் மூத்தவ, எல்லோருக்கும் மாமி, வயது எண்பத்தாறு. கைத்தடி, கையில் பெரிய பை, நாக்கில் ஒரு வாள். நேரே அங்கிளிடம் போனா.

"தம்பி, விலத்து. எனக்கு ஒண்டுக்குப் போகவேணும்."

"மாமி, ரெண்டு சரணம்தான்."

"அது உனக்கு ரெண்டு சரணம். எனக்குச் சலரோகம்."

"ஒரு நிமிசம் மாமி, கரைக்கு வந்திட்டம்..."

"நீ வா கரைக்கு. நான் வாறன் பின்னால" என்று சொல்லிவிட்டு மாமி திரும்பி, பீடத்தைச் சுற்றி, பாதர் உடுப்பு மாற்றுகிற அறைக்குள் நுழைந்து, அதன் பின்கதவால் வெளியே போய்விட்டா. அப்படி ஒரு கதவு இருப்பது அதுவரைக்கும் சனத்துக்குத் தெரியாது. இனிக் கேட்கவா வேணும்! மாமிக்குப் பின்னால் முப்பது, நாற்பது பேர் சுற்றுப்பிரகாரம் மாதிரிக் கிளம்பினார்கள். உள்ளே பாதர் அங்கியைத் தலைக்கு மேலால் கழற்றிக்கொண்டு நிற்கிறார். ஒவ்வொருவரும் "குட் மோர்னிங் பாதர்" சொல்லிக்கொண்டு கடந்து போனார்களாம். அங்கிள் வெறும் வாசலைக் காவல் காத்துக்கொண்டு நாலாம் சரணத்தைத் தனியே பாடி முடித்தார்.

அன்றைக்குப் பாட்டுப் புத்தகங்களை எல்லாம் அவரே அடுக்கினார். கடைசியில், "தம்பி, என்னில ஏதும் பிழையோ?" என்று மட்டும் கேட்டார். "இல்லை அங்கிள், சனம் அப்படித்தான்" என்றேன். இதைவிட நல்ல பதில் ஒன்று அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

நாலாம் ஞாயிறு, மழை. கொட்டாஞ்சேனைக்குத் தெரிந்த மழைதான், பூசைப் பாதியில் தொடங்கி வளவு முழுக்கக் கணுக்கால் தண்ணீர். ஆசீர் முடிந்தது. ஒருவரும் அசையவில்லை. த்ரீவீல்காரர் எல்லோரும் ஆப்பில் கைவிரித்துவிட்டார்கள். குடை கொண்டுவந்தவர்கள்கூட அந்த இடியைப் பார்த்துவிட்டு இருந்துவிட்டார்கள். அங்கிளுடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே! வாசலில் கோட்லெஸ் மைக்கோடு நின்று வானத்தைப் பார்த்து ஒரு சிலுவை அடையாளம் போட்டார், உடனே தொடங்கினார். முதல் சரணத்தில் காற்று எழும்பியது, வெளியேயும் எழும்பியது. இரண்டாம் சரணத்தில் பாய்மரம் முறிந்தது, பாதர் வீட்டு வாழை சரிந்தது. பாதரும் உள்ளே போகாமல் பீடப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் சரணம் தொடங்கும்போது மாமி எழும்பினா.

மாமி தடியை ஊன்றி ஊன்றி வாசலுக்குப் போனா. இந்தமுறை வாள் இல்லை. அங்கிளுடைய சட்டையைப் பிடித்து மெதுவாக ஏதோ சொன்னா. டொய்லெட் வளவின் மற்ற அந்தத்தில், பங்கு ஹோலுக்குப் பின்னால். நடுவில் தண்ணீர். மாமியிடம் குடையும் இல்லை.

அங்கிள் சனத்தைப் பார்த்தார். அத்தனை பேரும் நிற்கிறார்கள், கைப்பிள்ளை உட்பட. இன்னும் ஒன்றரைச் சரணம். அவருடைய வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தது அந்த ஒன்றரைச் சரணத்துக்குத்தான். ஒரு கணம்தான் பார்த்தார். பிறகு தூணில் சாத்தியிருந்த யாருடையதோ குடையை எடுத்து விரித்தார். மாமியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, பாடிக்கொண்டே மழைக்குள் இறங்கிவிட்டார்.

மைக் கையில். அதை மறந்துவிட்டார்.

கோயிலின் ஆறு ஸ்பீக்கரிலும் மழை இரைந்தது. படகு கவிழ்கிற வரியை அங்கிள் மூச்சு வாங்கிக்கொண்டு பாடினார், இடையிடையே வேறு கதையும் வந்தது.

"மாமி, படி. ரெண்டாவது படி பாசி, பாத்து."

"ஐயோ, என்ர செருப்பு!"

"விடுங்கோ, பிறகு எடுப்பம்."

"புதுச் செருப்படா! மகள் கனடாவில இருந்து அனுப்பினது!"

"மிதக்குதுதானே மாமி, எங்க போகப்போகுது." பிறகு ஒரு வரி பாட்டு. பிறகு கதவைத் தட்டுகிற சத்தம். "மாதாவே, பூட்டிக் கிடக்கு. ஆரிட்ட திறப்பு?"

கோயிலுக்குள் இருந்த அவ்வளவு பேரும் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு, "நிலைக்கு மேல, அங்கிள்! நிலைக்கு மேல!" என்று கத்தினார்கள். அவருக்குக் கேட்கவா போகிறது? சாவிக்காகத் தடவுகிற சத்தம். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"ஆ, இந்தா கிடக்கு."

கோயில் முழுக்க ஒரு பெருமூச்சு விட்டது. யாரோ கைதட்டினார்கள்.

"கெதியாத் திற தம்பி, தாங்காது!"

சிரிப்பென்றால் சிரிப்பு. பாதர் பீடப்படியில் உட்கார்ந்தேவிட்டார். அப்போது ஸ்பீக்கரில், "சேசுவே, இந்த மைக் ஓனிலயோ?" என்று அங்கிளுடைய குரல் வந்தது. டக் என்று நின்றது.

மூன்றாம் சரணம் முடிந்துவிட்டது. பாட்டை எடுக்க ஆள் இல்லை. நான் இடையிசையை வாசித்தேன், திரும்பவும் வாசித்தேன். மூன்றாம் தரம் வாசிக்கும்போது பின்வாங்கிலிருந்து ஒரு ஆண்குரல் நாலாம் சரணத்தைத் தொடங்கியது. பார்த்தால், ஹோர்ன் கேட்டதும் முதல் ஆளாக ஓடுகிற மீன்சந்தைக்காரர். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் சேர்ந்தார். டியூஷன் தாய்மார் சேர்ந்தார்கள். பிறகு மொத்தக் கோயிலும். வெளியே மழை குறையத் தொடங்கியிருந்தது. நாலாம் சரணம் ஒருவருக்கும் தெரியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். எல்லோருக்கும் மனப்பாடம்! வாசலில் நின்று த்ரீவீல் தேடித் தேடிக் காதால் கேட்டே பாடமாக்கியிருக்கிறார்கள், கள்ளர்கள். ஒருவரும் ஓடவில்லை, ஒருவரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக எங்கள் பங்கு கரைக்கு வந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அதைச் சொல்ல வெட்கமில்லை. கட்டைகளே தெரியாமல்தான் வாசித்து முடித்தேன்.

பாட்டு முடிந்தும் ஒருவரும் போகவில்லை. எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் அங்கிள் வந்தார், சொட்டச் சொட்ட நனைந்து, தோளில் மாமியின் பை, ஒரு கையில் மாமி, மற்றக் கையில் கனடாச் செருப்பு.

"அங்கிள், வெண்டிட்டீங்கள்!" என்றார் பாதர். "ஒருத்தரும் போகேல்லை. நாலாம் சரணம் முழுக்கப் பாடினவை."

அங்கிள் தலையை ஆட்டினார். "இல்லை பாதர். நாங்கள் ரெண்டு பேர் வெளிய. பேச்சு எண்டால் பேச்சு."

"என்னை ஏன் அதில சேக்கிறாய்?" என்று மாமி தடியை நிலத்தில் அடித்தா. "நான் உள்ளுக்கை இருந்து பாடினனான். முழுக்க."

கோயில் இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. அது அடங்கும்வரைக்கும் பாதர் காத்திருந்தார்.

"அப்ப நீங்கள், அங்கிள்? நீங்களும் அங்க நிண்டு பாடியிருப்பீங்கள்தானே?"

அவர் ஆம் என்று சொல்லியிருக்கலாம். யார் கண்டது? ஒரு சொல், பாட்டுத் தப்பிவிடும். அங்கிள் முகத்தைத் துடைத்தார். கை ஈரம், துடைத்தும் பிரயோசனமில்லை.

"பாடேல்லை பாதர். கேட்டுக்கொண்டு நிண்டிட்டன்."

செருப்பை மாமியிடம் கொடுத்துவிட்டுச் சனத்தின் பக்கம் திரும்பினார்.

"முப்பது வருசம் இந்தச் சனத்துக்கு முன்னால நிண்டிருக்கிறன். எனக்கு என்ர சத்தம்தான் கேட்டது. இண்டைக்குத்தான் உங்கட சத்தம் கேட்டனான்." பிறகு சட்டென்று கோபம் வந்துவிட்டது. "இவ்வளவு நல்லாப் பாடுறீங்கள், பிறகேன் ஓடுறனீங்கள்?"

பாதர் எழும்பி, பேச்சின்படி ஒராள் பாடவில்லை, ஆகவே பாட்டை வெட்ட வேண்டும் என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். முடிக்க விடவில்லை. "வெட்டக்கூடாது பாதர்!" என்று முதலில் கத்தியது மீன்சந்தைக்காரர்.

பாட்டுத் தப்பியது. எங்களுடைய சனம் திருந்திவிட்டது என்று மட்டும் நினைக்க வேண்டாம். அடுத்த ஞாயிறு நல்ல வெயில். ஆசீர் முடிந்ததும் ஹோர்ன் கேட்டது, பின்வாங்குகள் எழும்பிவிட்டன. ஆனாலும் போன ஞாயிற்றின் வெட்கத்தில் வாசலுக்குக் கிட்டத் தயங்கி நின்றார்கள். அங்கிள் மூன்று சரணம் பாடினார். பிறகு மைக்கை நிப்பாட்டி என்னுடைய கீபோர்ட்டின் மேல் வைத்தார். நடுப்பாதையால் இறங்கி நடந்தார், அவசரப்படுகிறவர்களை முந்திக்கொண்டு, யாரையும் மறிக்காமல், பெரிய வாசலைத் தாண்டி வெளியே போனார்.

ஓட வெளிக்கிட்டவர்கள் வாசலில் போய்த் தட்டுப்பட்டு நின்றார்கள். வெளிப்படியில் அங்கிள் கோயிலுக்கு முகத்தைக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், கேட்பதற்கு. அந்த மனிதரை விலத்திக்கொண்டு மீன் வாங்கப் போக யாருக்கு மனம் வரும்? அப்படியே நின்ற இடத்தில் நின்று பாடத் தொடங்கினார்கள்.

அன்று முதல் ஹெந்தளைக்கு மகளோடு குடிபோகும்வரை ஒவ்வொரு ஞாயிறும் அவர் அப்படித்தான் செய்தார். நான் கீபோர்ட்டின் சத்தத்தைப் பாதியாகக் குறைத்துவிடுவேன். சனம் பாடும். சில ஞாயிறுகளில் கொஞ்சம் சோர்வாகப் பாடினால், வெளியே கண்ணைத் திறக்காமலே அவர் சொல்வது உள்ளே என் வரைக்கும் கேட்கும்.

"சத்தம் காணாது. இன்னும் கேக்கேல்லை."